எடுவார்ட் ஃபான் சிம்சோன்: ஃபிராங்க்ஃபர்ட் குழப்பமும் இரண்டு மகுடத் தூதுகளும்

கேள்வி

வணக்கம். ஜெர்மன் நீதிபதியும் அரசியல்வாதியுமான எடுவார்ட் ஃபான் சிம்சோன் (1810–1899) பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று இடத்தில் முட்டி நிற்கிறது. 1848-இல் ஃபிராங்க்ஃபர்ட் தேசிய சபைக்கு (ஜெர்மனி முழுமைக்குமான முதல் நாடாளுமன்றம்) தலைவர், 1860-இல் ஃபிராங்க்ஃபர்ட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் துணைத் தலைவர் என்று படித்தேன். சபை நடந்த ஊருக்கே நீதிபதியாக வந்தாரா? அடுத்தது, 1849, 1870 இரண்டு தடவையும் பிரஷ்ய அரசரிடம் பேரரசர் மகுடத்தை ஏற்கச் சொல்லிப் போனவர் இவர்தான். முதல் தடவை மறுப்பு, அடுத்த தடவை சம்மதம். ஏன்? கடைசியாக, பதவியில் இருக்கும் நீதிபதி எப்படி நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்?

பதில் 1

அவை இரண்டும் வேறு வேறு ஊர்கள். தேசிய சபை கூடியது மைன் ஆற்றங்கரை ஃபிராங்க்ஃபர்ட்டில், புனித பவுல் தேவாலயத்தில். 1866 வரை அது தன்னாட்சி நகரம், பிரஷ்யாவுக்குள் வராது. சிம்சோன் நீதிபதியாகப் போனது பெர்லினுக்குக் கிழக்கே, ஓடர் ஆற்றங்கரையில் உள்ள பிரஷ்ய ஃபிராங்க்ஃபர்ட். அங்கே 1860-இல் துணைத் தலைவர், 1869-இல் தலைவர். கட்டுரையில் ஆற்றின் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் வாசகரும் இதே இடத்தில் தடுக்கி விழுவார்.

இன்னொன்று: 'ஃபான்' அவருக்கு 1888-இல்தான் வந்தது. பேரரசர் மூன்றாம் ஃபிரிட்ரிஷ் தன் 99 நாள் ஆட்சியில் கருங்கழுகு விருது தந்தபோது பிரபுப் பட்டமும் கூடவே வந்தது. கோனிக்ஸ்பெர்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1823-இல் ஞானஸ்நானம் பெற்று, சட்டப் பேராசிரியராக உயர்ந்தவர். அந்தக் காலத்தைச் சொல்லும்போது வெறும் சிம்சோன் என்பதே சரி.

பதில் 2

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: யாரை முதலில் கேட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1849 மார்ச் 28 அன்று, சிம்சோன் தலைமையில், பேரரசரைத் தேர்ந்தெடுக்க உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து வாக்கெடுத்தார்கள். பிரஷ்ய அரசர் நான்காம் ஃபிரிட்ரிஷ் வில்ஹெல்முக்கு 290 வாக்கு. 248 பேர் யாருக்கும் வாக்களிக்கவில்லை. ஏப்ரல் 3 அன்று தூதுக்குழு பெர்லின் அரண்மனையில் அரசரைச் சந்தித்தது. மற்ற மன்னர்கள், இளவரசர்கள், தன்னாட்சி நகரங்களின் சம்மதம் இல்லாமல் முடிவெடுக்க மாட்டேன் என்றார் அவர். சபை அரசியலமைப்பை எழுதி, தலைவரையும் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் மன்னர்களின் சம்மதத்தை எதிர்பார்த்தது. கடவுள் அருளால் முடி சூடியவன் என்று நம்பிய ஓர் அரசரிடம் அது செல்லவில்லை. ஏப்ரல் கடைசியில் இறுதி மறுப்பு வந்தது. மே மாதம் சிம்சோன் தலைவர் பதவியை விட்டார்.

1870-இல் எல்லாம் தலைகீழ். நவம்பரில் தென் ஜெர்மன் அரசுகளுடன் ஒப்பந்தங்கள் முடிந்தன. பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் வாசகம் எழுதிக் கொடுக்க, பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் தன் கையால் எழுதி, பேரரசர் பட்டம் ஏற்கும்படி பிரஷ்ய அரசர் முதலாம் வில்ஹெல்மைக் கேட்டார். அதற்குப் பிறகுதான் வட ஜெர்மன் ரைஷ்டாக் (நாடாளுமன்றம்) அதே வேண்டுகோளைத் தீர்மானமாக நிறைவேற்றியது. டிசம்பர் 18 அன்று பிரான்சின் வெர்சாய் நகரில் வில்ஹெல்ம் முன் சிம்சோன் அதை வாசித்தார். வில்ஹெல்ம், 1849-இல் மறுத்தவரின் தம்பி. குடும்பமும் அதே, தூதரும் அவரே, மாறியது வரிசைதான். இந்த டிசம்பர் 18-ஐயும், வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் பேரரசு பிரகடனமான 1871 ஜனவரி 18-ஐயும் ஒன்றாக்கிவிடாதீர்கள். நிறையப் பேர் செய்யும் தவறு.

இடையில் 1850-இல் எர்ஃபுர்ட் நாடாளுமன்றத்தை விட்டுவிடாதீர்கள். அங்கே சபாநாயகர் சிம்சோன், சபைச் செயலாளர்களில் ஒருவர் இளம் பிஸ்மார்க்.

பதில் 3

மூன்றாவதற்கு 1871 அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவைப் பாருங்கள். அரசு ஊழியர் ரைஷ்டாக்கில் அமர விடுப்பு வாங்கத் தேவையில்லை. ஆனால் உறுப்பினராக இருக்கும்போது சம்பளப் பதவி ஒன்றை ஏற்றாலோ, உயர்பதவிக்குப் போனாலோ, இடம் காலியாகும்; மறுபடி தேர்தலில் நின்று ஜெயிக்க வேண்டும். 32-ஆம் பிரிவின்படி உறுப்பினருக்கு ஊதியம் கிடையாது; 1906-இல்தான் படி வந்தது. அதனால் மாதச் சம்பளமுள்ள நீதிபதிகளுக்கு ரைஷ்டாக் எட்டும் தூரத்தில் இருந்தது, கூலித் தொழிலாளிக்கு இல்லை. இதைக் கட்டுரையில் அவசியம் சொல்லுங்கள்.

சிம்சோன் 1871 முதல் 1874 வரை ரைஷ்டாக் சபாநாயகர், 1877 வரை உறுப்பினர். 1879 அக்டோபர் 1 அன்று லைப்சிக்கில் பேரரசின் உச்ச நீதிமன்றம் திறந்தபோது அதன் முதல் தலைவர். ஊரைத் தேர்ந்தெடுத்ததே இழுபறி: கூட்டாட்சி மன்றத்தில் (ஜெர்மன் அரசுகளின் பிரதிநிதிகள் அவை) 30-க்கு 28 என்ற வாக்கில் பெர்லின் தோற்றது.

அந்த நீதிமன்றத்தில் ஓர் அமர்வுக்கு (வழக்கை விசாரிக்கும் நீதிபதிகள் குழு) 7 நீதிபதிகள். ஒரு சிவில் அமர்வு இன்னொரு சிவில் அமர்வின் தீர்ப்பிலிருந்து விலக நினைத்தால், தானாக விலக முடியாது. எல்லா சிவில் அமர்வுகளும் சேர்ந்த கூட்டு அமர்வுக்குக் கொண்டுபோக வேண்டும். காரணம், பொது சிவில் சட்டத் தொகுப்பு 1900-இல்தான் அமலுக்கு வந்தது. அதுவரை ஓரிடத்தில் பிரஷ்யச் சட்டம், ரைன் பகுதியில் பிரெஞ்சுச் சட்டம், வேறிடங்களில் ரோமானியப் பொதுச் சட்டம். அவ்வளவையும் ஒரே கூரையின் கீழ் தீர்க்க வேண்டியிருந்தது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி, எல்லாவற்றையும் திருத்துகிறேன். லைப்சிக்கில் குவிமாடத்தோடு நிற்கும் நீதிமன்றக் கட்டடத்தின் படத்தைப் போட்டு, 'சிம்சோன் பணியாற்றிய இடம்' என்று எழுதலாமா?

பதில் 3

வேண்டாம். அதற்கு அடிக்கல் நாட்டியது 1888 அக்டோபர் 31. கட்டி முடித்தது 1895. சிம்சோன் 1891-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவர் காலத்தில் நீதிமன்றம் நடந்தது அதே ஊரில் கேயோர்கன்ஹாலே என்ற கட்டடத்தில். அதன் பழைய படம் கிடைத்தால் அதைப் போடுங்கள்.