கவினுக்குத் திரும்பவும் சளி: எங்க குடும்ப வாட்ஸ்அப் குழு

ரேவதி: கவினுக்கு மறுபடியும் சளி. ராத்திரி முழுக்க இருமல். எதிர்ப்பு சக்திக்குன்னு ஒரு பவுடர் விக்கிறாங்க, வாங்கலாமா மதி அக்கா?

மதி அக்கா: பவுடர்லாம் வேண்டாம்டி. ரெண்டரை வயசுல வருஷத்துக்கு ஆறேழு தடவை சளி பிடிக்கிறது சகஜம். மூச்சு வாங்குனா, நெஞ்சு உள்ள இழுத்தா மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. அங்கன்வாடியில வைட்டமின் ஏ மருந்து கடைசியா எப்போ குடுத்தாங்க?

ரேவதி: 9 மாசத்துல தட்டம்மை ஊசியோட. அப்புறம் ஒன்றரை வயசுல. அதோட வீடு மாறிட்டோம்.

பெரியப்பா: அது கண்ணுக்குத்தானம்மா? மாலைக்கண் வராம இருக்க.

மதி அக்கா: கண்ணுக்கும்தான் பெரியப்பா. மூக்கு, மூச்சுக்குழாய், குடல் எல்லாத்துக்கும் உள்பக்கம் ஈரமா ஒரு தோல் இருக்கு. கிருமி முதல்ல அங்கதான் வந்து முட்டும். வைட்டமின் ஏ குறைஞ்சா அது காஞ்சு தடிச்சுப்போகும், கிருமி சுலபமா உள்ள இறங்கிடும். வெள்ளை அணுக்கள் சரியா வளரவும் அது வேணும்.

மதி அக்கா: நம்ம திருச்சி மாவட்டத்துலயே பார்த்திருக்காங்க. 15,000 குழந்தைகளுக்கு மேல. ஒரு பாதிக்கு மட்டும் ஒரு வருஷம் வாராவாரம் கொஞ்சூண்டு வைட்டமின் ஏ. அந்தப் பக்கம் சாவு பாதிக்கும் கீழ குறைஞ்சுது. 1990ல வெளியான ஆய்வு. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும், அத்தனை சின்ன டோஸ்தான் அது.

பெரியப்பா: அடேயப்பா! அப்போ நிறைய குடுத்தா இன்னும் நல்லதா?

மதி அக்கா: இல்ல பெரியப்பா. வைட்டமின் ஏ குறைவா இருந்த பிள்ளைங்களுக்குத்தான் அந்தப் பலன்.

பெரியம்மா: வாரத்துல ரெண்டு நாள் முருங்கைக்கீரை குடுக்கிறாளே, அது பத்தாதா?

மதி அக்கா: எப்படி செய்யற ரேவதி?

ரேவதி: சளி இருக்கேன்னு எண்ணெய் ஊத்தாம, தண்ணியில வேகவெச்சு மசிச்சுதான் குடுக்கறேன்.

மதி அக்கா: ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ கட்டாயம் சேரு. கீரையில இருக்கறது பீட்டா கரோட்டின். குடல்ல போய்த்தான் வைட்டமின் ஏவா மாறும், கொழுப்பு இல்லாம சரியா உடம்புல சேராது. பருப்பு போட்டுக் கடைஞ்சு, மேல நெய் விட்டு சோத்துல பிசைஞ்சு ஊட்டு. முட்டை மஞ்சக்கருவுல வைட்டமின் ஏ நேரடியாவே இருக்கு, அதையும் குடு.

சுதா: அண்ணி, எனக்கு மூணாவது மாசம். நானும் அந்த மருந்தை ஒரு ஸ்பூன் குடிக்கட்டுமா?

மதி அக்கா: வேண்டவே வேண்டாம் சுதா!! இந்த நேரத்துல அளவு மீறினா வயித்துப் பிள்ளைக்குக் குறை வர வாய்ப்பிருக்கு. ஈரலும் இப்போ வேண்டாம். கீரை, கேரட், மாம்பழம் தாராளமா சாப்பிடு. அதுல இருந்து உடம்பு தன் தேவைக்குத்தான் மாத்திக்கும்.

சுதா: சரி அண்ணி. நல்லவேளை கேட்டேன்.

மதி அக்கா: ரேவதி, அந்த மருந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, 5 வயசு வரைக்கும். நீயா கடையில வாங்கி ஊத்தாதே.

ரேவதி: இங்க அங்கன்வாடி டீச்சர்கிட்ட இப்போதான் பேசினேன்க்கா. புதன்கிழமை நர்ஸ் வர்றாங்களாம், தடுப்பூசி கார்டோட வரச்சொன்னாங்க.

பெரியம்மா: வீட்டு மரத்துல கீரை தழைச்சுக் கெடக்கு. மாமாகிட்ட நாளைக்கே குடுத்தனுப்பறேன்.