குறிஞ்சித் தலைவி துணிந்தவளா, தோழியின் நிழலா?

பூம்பாறை மலர்
போன ஞாயிறு பெருமாள்மலையில் நாங்கள் சிலர் கூடிக் கபிலரின் குறிஞ்சிப்பாட்டை முழுதாக வாசித்தோம். 261 அடிதான். நின்று நின்று பேசியதில் பொழுது சாய்ந்துவிட்டது. கிளம்பும்போது ஒரு நண்பர் கேட்டார்: "இதில் தலைவி என்னதான் செய்கிறாள்? காதலித்தாள், மெலிந்தாள். தலைவியை வளர்த்த செவிலித்தாயிடம் போய் உண்மையைப் போட்டு உடைத்தவள் தோழி. இவளை எப்படித் துணிந்த கதாநாயகி என்பது?" அப்போது பதில் சொல்ல நேரமில்லை, இங்கே சொல்கிறேன்.

பாட்டு முழுக்கத் தோழிதான் பேசுகிறாள், சரி. ஆனால் பேச்சைத் தொடங்கியதுமே, தலைவி தன்னிடம் சொன்னதை அப்படியே எடுத்துவைக்கிறாள். முத்தும் மணியும் பொன்னும் சேர்த்துச் செய்த நகை கெட்டால் மறுபடி செய்துகொள்ளலாம். சால்பும் இயல்பும் குன்றினால் மீட்பது முனிவருக்கும் எளிதில்லை என்கிறாள் தலைவி. அப்புறம் கேட்கிறாள்: அப்பாவின் காவலைத் தாண்டி "இருவேம் ஆய்ந்த மன்றல் இது" என்று நாம் தெரிவித்துவிட்டால் அதில் என்ன பழி? நாங்கள் இரண்டு பேரும் பார்த்து முடிவு செய்த கல்யாணம் என்று சொல்லச் சொன்னவள் தலைவி. தோழி போய்ச் சொன்னாள். முடிவு யாருடையது?

தாண்டிக்குடி சேகர்
அந்த நண்பர் நான்தான். மலர் அக்கா காட்டிய அடிகள் அழகானவை, மறுக்கவில்லை. ஆனால் அவளைச் சுற்றிப் போட்ட வேலியையும் பாருங்கள். அச்சமும் நாணமும் மடனும் பெண்ணுக்கு எப்போதும் முன்னிற்க வேண்டும் என்கிறது தொல்காப்பியம். காதல் கைகூடாத ஆண் பனைமடலில் குதிரை செய்து, ஊர் பார்க்க அதில் ஏறி வரலாம். பெண் மடலேறுவது எந்தத் திணையிலும் கிடையாது. அவன்தான் வரவேண்டும், அவன்தான் மணம் பேச வேண்டும். வராவிட்டால்? குறுந்தொகை 25-இல் கபிலரின் தலைவி சொல்கிறாளே, "தான் அது பொய்ப்பின் யான் எவன் செய்கோ" என்று. அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்! அவளுக்குச் சாட்சி, ஓடுகிற நீரில் ஆரல்மீன் பார்த்து நின்ற ஒரு குருகு.

இன்னொன்று. குறிஞ்சிப்பாட்டில் முதலில் அவனுடைய வேட்டைநாய்கள் வந்து பெண்களை வளைக்கின்றன. பிறகு மதயானை வருகிறது. அவன் அம்பு விட்டு விரட்டுகிறான், அதற்கப்புறம்தான் எல்லாம். கந்தபுராணத்து வள்ளி கதையும் இதேதான். முருகன் வேடனாக வந்தான், வேங்கை மரமாக நின்றான், கிழவனாக வந்து கெஞ்சினான். ஒன்றும் பலிக்காமல் கடைசியில் அண்ணனை யானையாக வரவழைத்தான். பயந்து போனவள் வந்து கட்டிக்கொண்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

வத்தலக்குண்டு கதிர்
சேகர் அண்ணன் பக்கம் நானும் ஒன்று வைக்கிறேன். 1813-இல் வந்த ஜேன் ஆஸ்டின் நாவலில் எலிசபெத் பென்னட், பெண் கேட்டு வந்த காலின்ஸை முகத்துக்கு நேரே வேண்டாம் என்கிறாள். பெரும் பணக்காரன் டார்சி முதல் முறை கேட்டபோதும் அதே பதில்தான், காரணத்தோடு. ஹோமரின் காவியத்தில், கணவன் ஊர் திரும்பாத பெனலோப்பியை மணக்க வந்த 108 பேர் அவள் வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறார்கள். மாமனாருக்குச் சவத்துணி நெய்து முடித்ததும் ஒருவனைத் தேர்ந்தெடுப்பேன் என்று சொல்லிவிட்டு, பகலில் நெய்ததை இரவில் பிரித்து மூன்று வருடம் இழுத்தடித்தாள். நம் தலைவி யாரையாவது நேருக்கு நேர் மறுக்கிறாளா?

பண்ணைக்காடு தமிழய்யா
தம்பி கதிர், பெனலோப்பியும் நேருக்கு நேர் மறுக்கவில்லையே. மறுக்க முடியாத இடத்தில் இருந்ததால்தான் தறியைப் பிடித்தாள். அவளுக்குத் தறி கைகொடுத்த மாதிரி இவளுக்குத் தோழி கைகொடுத்தாள்.

பெண் கேட்டு அயலார் வருவதை நொதுமலர் வரைவு என்பார்கள். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் கல்யாணம் முடிந்துவிடும். அப்போது எடுக்கிற ஆயுதம்தான் அறத்தொடு நிற்றல், அதாவது மறைந்திருந்த காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்துவது. தலைவி தோழியிடம், தோழி செவிலியிடம், செவிலி பெற்ற தாயான நற்றாயிடம், நற்றாய் தந்தையிடம், தமையன்மாரிடம். ஒரு வீட்டின் பெண்கள் வரிசையாகக் கைமாற்றிக் கொண்டுபோகிற உண்மை இது. நடுவில் ஒருத்தி பின்வாங்கினாலும் காரியம் கெட்டது. போரிடும் இரு பெரிய வேந்தர்களுக்கு நடுவே நின்ற சான்றோர் போல இரண்டு பக்கமும் அஞ்சி நிற்கிறேன் என்று தோழி சொல்வது சும்மா இல்லை.

பயந்த பெண்கள் என்கிறீர்களே சேகர், நற்றிணை 34-ஐப் பாருங்கள். மகள் மெலிந்துபோனது முருகனால் என்று நினைத்துத் தாய் முருக பூசாரியான வேலனைக் கூப்பிட்டு, சாமியாடுகிற வெறியாட்டு வைக்கிறாள். நோய்க்குக் காரணம் மலைநாடன் என்று தோழிக்குத் தெரியும். முருகனையே பார்த்துக் கேட்கிறாள்: "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே." நீ கடவுளாகவே இரு, ஆனாலும் அறியாதவன்தான் என்று. பழனியாண்டவர் குடியிருக்கிற மலைத்தொடரில் உட்கார்ந்து இதை வாசிக்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

மன்னவனூர் செல்வி
நான் இலக்கியம் படித்தவள் இல்லை, அந்த ஞாயிறு கேட்க வந்தவள். தலைவியும் தோழியும் தினைப்புனத்தில் காவல் காக்கிற இடம் வந்தபோது எனக்குச் சொல்ல இருந்தது. தழல், தட்டை, குளிர் என்று கிளி விரட்டுகிற கருவிகளைப் பாட்டு சொல்கிறது. எங்கள் காட்டில் கிளிக்குப் பதிலாகப் பன்றியும் காட்டுமாடும். பீன்ஸும் உருளையும் விளைகிற நேரத்தில் தகரத்தைத் தட்டிக்கொண்டு, டார்ச் அடித்துக்கொண்டு விடிய விடிய உட்காருவோம். தனியாக எந்தப் பெண்ணையும் அனுப்ப மாட்டார்கள், இரண்டு பேராகத்தான் போவோம். தூக்கம் வராமல் இருக்கப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரியாதது கூட இருக்கிறவளுக்குத் தெரியும்.

என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன ஒரு இடத்தை நான் வேண்டாம் என்றேன். அப்பாவிடம் போய்ச் சொன்னது என்னோடு காவலுக்கு வந்தவள்தான். திட்டு வாங்கியதும் அவள்தான். அதற்காக வேண்டாம் என்றது அவள் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தாண்டிக்குடி சேகர்
செல்வி அக்கா சொன்னது மனதில் தைத்தது. ஆனாலும் கேட்கிறேன். பாடியவர் கபிலர், ஓர் ஆண். தோழியும் அவர் படைத்தவள், தலைவியும் அவர் படைத்தவள். உண்மையில் வாழ்ந்த பெண்ணுக்கு என்ன நடந்தது? நம் பழனி மலைக்கு அரசன் பேகன், மயில் குளிரில் நடுங்குகிறதென்று போர்வை கொடுத்தவன். அவன் மனைவி கண்ணகியை விட்டுவிட்டு வேறொருத்தி வீட்டுக்குப் போனான். புறநானூறு 143 முதல் 147 வரை கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என நான்கு புலவர்கள் அவளுக்காகப் பாடினார்கள். "பசித்தும் வாரேம், பாரமும் இலமே" என்று பரணர் பரிசிலே வேண்டாம் என்கிறார், அவளிடம் திரும்பிப் போ என்பதுதான் அவர் கேட்டது. பெரிய மனசுதான். ஆனால் பேசியதெல்லாம் ஆண்கள். அவளுக்குக் கிடைத்தது கண்ணீர்.

வத்தலக்குண்டு கதிர்
ஆண்கள் மட்டும் பாடவில்லை அண்ணா. குறுந்தொகை 28, "முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்" என்று தன் நோய் அறியாமல் தூங்குகிற ஊரையே எழுப்பக் கிளம்புகிறவள் ஔவையாரின் தலைவி. அங்கே பேசுகிறவள் தோழி இல்லை, தலைவியேதான், நாணமும் இல்லை. முன்னே கேட்ட கேள்விக்கு எனக்கு இது போதும்.

பூம்பாறை மலர்
சேகர், 144-ஐ மறுபடி எடுத்துப் படியுங்கள். பரணர் யாழில் செவ்வழிப் பண் இசைத்து, பேகனின் காட்டைப் பாடுகிறார். அவள் கண்ணீர் வழிய நிற்கிறாள். நீ அவனுக்கு உறவா அம்மா என்று தொழுது கேட்கிறார். காந்தள் மொட்டுப் போன்ற விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொல்கிறாள்: "யாம் அவன் கிளைஞரேம் அல்லேம்." நாங்கள் அவனுக்கு உறவு இல்லை. எங்களைப் போல ஒருத்தியின் அழகை விரும்பி, தேர்ச் சத்தம் கேட்க, முல்லை வேலியுள்ள ஊருக்கு அவன் தினமும் போகிறானாம், சொல்லிக்கொள்கிறார்கள். கட்டின மனைவி, கணவனை உறவே இல்லை என்று ஒரு புலவர் முன்னால் சொல்லிவிட்டாள். இதில் கெஞ்சல் எங்கே இருக்கிறது?

தாண்டிக்குடி சேகர்
அந்த வரி பெரிய வரிதான். ஆனால் அது பேகன் காதுக்குப் போகப் பரணர் தேவைப்பட்டாரே அக்கா. அவளே போய் அவனிடம் ஏன் சொல்லவில்லை?

பூம்பாறை மலர்
அவள் எதற்குப் போக வேண்டும்? வீட்டை விட்டுப் போனவன் அவன்.