5 மாத ஜெர்மன் ஷெப்பர்டு, பல் விழுந்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை

மழைக்குருவி:
எங்கள் குட்டி ஆண். மூன்று நாள் முன்பு பால்பல் ஒன்று விழுந்தது, அன்றிலிருந்து தண்ணீர்க் கிண்ணமெல்லாம் சிவப்பு. போன மாதம் தொடையில் ஊசி போட்ட இடம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி ஒரு வாரம் நொண்டினான். உண்ணிக் காய்ச்சல் என்று டாக்ஸிசைக்ளின் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அந்தக் காய்ச்சலில் குறையும் பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) 2,80,000 என்று சரியாகவே இருக்கிறது. விற்றவரோ, போன ஈற்றிலும் ஓர் ஆண் குட்டி தொப்புள்கொடி அறுந்து ரத்தம் நிற்காமல் செத்தது என்று சாதாரணமாகச் சொல்கிறார். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, யாராவது சொல்லுங்கள்.

வேப்பமரத்தடி:
நண்பா, நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் ஹீமோஃபீலியா ஏ என்றே தோன்றுகிறது. ரத்தம் உறையத் தேவையான 8-ஆம் காரணி பிறவியிலேயே குறைவு, பிளேட்லெட் எண்ணிக்கையில் இது தெரியவே தெரியாது. நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுத்து பி.டி., ஏ.பி.டி.டி. (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனைகள்) இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.பி.டி.டி. மட்டும் நீண்டால் அடுத்து காரணி 8-ஐ அளக்க வேண்டும் (எலி மருந்து என்றால் பி.டி.யும் நீளும், அதற்குத்தான் வைட்டமின் கே, இதற்கு அது உதவாது). தசையில் இனி எந்த ஊசியும் வேண்டாம், வலிக்கு ஆஸ்பிரின், மெலாக்சிகாம் கூடவே கூடாது. ஈறு வெளுத்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் பிளாஸ்மா (உறைகாரணிகள் உள்ள ரத்தத் திரவம்) ஏற்றும் இடத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

செல்வி அக்கா:
தம்பி, இப்படி ஒருவனை நான் நான்கு வருடம் வளர்த்தேன். கழுத்துப்பட்டை வேண்டாம், மார்புப்பட்டை போடு, எலும்பு கொடுக்காதே. பெரிய உடம்பு என்பதால் மூட்டுக்குள் கசியும், நொண்டினால் அலட்சியம் வேண்டாம். இன்னொன்று, இதைக் கொடுத்தது தாய். அவளுக்கு வெளியில் ஒன்றும் தெரியாது, ஆனால் சராசரியாக ஆண் குட்டிகளில் பாதிக்கு நோய் வரும், பெண் குட்டிகளில் பாதி அதைச் சுமக்கும். ஜெர்மனியில் பேர்போன கான்டோ ஃபோன் டெர் வீனராவ் என்ற ஆண் நாய்க்கே இது இருந்தது, மகள்கள் வழியாகத்தான் அத்தனை தூரம் பரவியது. விற்றவரிடம் கட்டாயம் பேசு.

மழைக்குருவி:
பி.டி. சரி, ஏ.பி.டி.டி. ரொம்ப நீண்டிருக்கிறது. நேற்று பிளாஸ்மா ஏற்றினார்கள், இரவே ரத்தம் நின்றுவிட்டது, காலையில் தயிர்சாதம் தின்றான். காரணி 8 முடிவு இன்னும் வரவில்லை. தாயை மறுபடி இணை சேர்த்துவிட்டாராம் அக்கா. அறிக்கையை அவருக்கு அனுப்பியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நேரிலும் போகிறேன்.