பியானோத் தந்தியைச் சுரண்டுவதைக் கச்சேரி என்று அழைக்கலாமா? (கானாடுகாத்தான், சனிக்கிழமை மாலை)

இரண்டாங்கட்டு · ஞாயிறு, காலை 8.10

நேற்று மாலை கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், நடந்த புல்லாங்குழல், பியானோ கச்சேரிக்குத் தேவகோட்டையிலிருந்து போய்வந்தேன். தற்காலச் சோதனை இசை என்று அறிவித்திருந்தார்கள். இடைவேளையையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. தனிக்குழலுக்கு மூன்று உருப்படிகள்: எட்கார் வரேஸின் ‘டென்சிட்டி 21.5’, லூச்சானோ பெரியோவின் முதலாம் ‘செக்குவென்சா’, தோரு தக்கேமிட்சுவின் ‘வாய்ஸ்’. தனிப் பியானோவுக்கு ஹென்றி கவெலின் இரண்டு சிறிய உருப்படிகள். இரு கருவிகளும் சேர்ந்து ஒலித்தது ஒலிவியே மெசியானின் ‘லெ மெர்ல் நுவார்’ ஒன்றில் மட்டுமே. கையில் கொடுத்த தாளில் இந்தப் பெயர்களும் ஆண்டுகளும் இருந்தனவேயொழிய, எதைக் கவனித்துக் கேட்பது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

நாற்பது ஆண்டுகளாகக் கச்சேரி கேட்டு வருகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். சுருதி இல்லை, தாளம் இல்லை, அல்லது இருந்தும் என் தொடைக்கு அகப்படவில்லை. குழல்காரர் ஊதாமல் சாவிகளை மட்டும் தட்டினார், பிறகு ஊதிக்கொண்டே பேசினார், பேசிக்கொண்டே உறுமினார். பியானோக்காரரோ இருக்கையை விட்டு எழுந்து, பெட்டியின் வளைவுப் பக்கம் போய் நின்று, உள்ளே கையை விட்டுத் தந்திகளை நகத்தால் நீளவாக்கில் சுரண்ட, தாள் புரட்ட வந்த பெண் அவருடைய இடத்தில் உட்கார்ந்து மிதியை அழுத்திக்கொண்டிருந்தார். அந்த உருப்படிக்கு ‘பான்ஷீ’ என்று பெயராம். வீட்டில் சாவு விழப்போவதை முன்கூட்டியே அலறிச் சொல்லும் அயர்லாந்துப் பெண் ஆவியாம். தலைமுறை தலைமுறையாகத் திருமணங்கள் நடந்த வளவில், சாமி அறைக்கு நேர் எதிரே, சாவுக் குரலை எழுப்ப யாருக்குமே கூச்சம் வரவில்லையா?

இடைவேளையில் கொடுத்த கந்தரப்பம் அருமையாக இருந்தது. அதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

கழனிவாசல் · ஞாயிறு, காலை 11.35

ஐயா, நானும் அங்கே இருந்தேன். மேற்கத்தியப் புல்லாங்குழலை ஆறு ஆண்டுகளாகக் கற்று வருகிறவன் என்பதால், முதலில் ஒரு திருத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். வரேஸின் உருப்படியில் அவர் ஊதாமல் தட்டவில்லை. மிக மெல்ல ஊதிக்கொண்டே தட்டினார். நம் மூங்கில் குழலில் விரலே துளையை மூடுகிறது. தியோபால்ட் போம் 1847இல் வடிவமைத்த உருளைக் குழலில் துளைகள் பெரியவை. அவற்றை மெத்தை வைத்த மூடிகள்தாம் மூடுகின்றன. மூடியைச் சட்டென்று இறக்கினால் குழாய்க்குள் இருக்கும் காற்று ஒரு கணம் அதிர்ந்து, அந்த விரலமைப்புக்கு உரிய சுரத்தோடு ஒரு தட்டு எழுகிறது. ஜார்ஜ் பரேர் என்ற கலைஞரின் புதிய பிளாட்டினக் குழலுக்காக 1936இல் எழுதியபோது, வரேஸ் அந்தத் தட்டையே சுரத்தின் தொடக்கமாக ஆக்கினார். தலைப்பில் உள்ள 21.5 என்பதும் புதிர் அன்று. ஏறத்தாழ பிளாட்டினத்தின் அடர்த்தி அது. மிருதங்கத்தில் தோலின்மேல் விரல் படும் ஓசையை நாம் குறை என்று கேட்பதில்லையே.

தாளம் போட முடியவில்லை என்றீர்கள். பெரியோவின் உருப்படியைப் பொறுத்தவரை அது உங்கள் குறை அன்று. செவெரினோ கஜெலோனிக்காக 1958இல் அவர் எழுதியபோது தாளச் சுற்றைப் பிரித்துக் காட்டும் கோடுகளே போடவில்லை. தாளில் சுரங்களுக்கு இடையே விட்ட இடைவெளியைப் பார்த்தே கலைஞர் காலத்தை அளந்துகொள்ள வேண்டும். வாசித்தவர்கள் அந்த உரிமையை அளவுக்கு மீறி எடுத்துக்கொண்டதால், வழக்கமான காலக்குறிகளோடு 1992இல் மறுபதிப்பு வந்தது என்பது வேறு கதை. அதில் நான் கேட்டது ஒற்றைக் குழலுக்குள் பல குரல்கள். மேல் ஸ்தாயியில் ஒருவர் பேச, கீழே வேறொருவர் குறுக்கிட, நடுவில் ஓரிடத்தில் ஒரே மூச்சில் இரண்டு சுரங்கள் ஒன்றாக ஒலித்தன. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே தரக்கூடிய கருவி என்று நாம் எண்ணியிருக்கும் ஒன்றை இப்படிப் பல பேராகப் பேச வைப்பது சாமானியக் காரியமா?

காற்றின் இரைச்சலும் இசைதான் என்பது நமக்குப் புதிதும் அன்று. அகநானூற்று 82ஆம் பாட்டில் கபிலர், ஆடும் மூங்கிலில் உள்ள துளைகளின் வழியே மேல்காற்று புகுந்து எழுப்பும் ஓசையைக் குழலிசை என்கிறார். அங்கே ஊதுகிறவரும் இல்லை, சுருதிப் பெட்டியும் இல்லை.

பினாங்குக் கணக்கு · ஞாயிறு, பிற்பகல் 2.20

நான் கச்சேரிக்கு வரவில்லை. கடல் கடந்து இருக்கிறேன். இருந்தாலும் இது எந்த ஊரில் நடந்தது என்பதை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டு மேடைகளில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் வேண்டும் என்று 1941இல் சிதம்பரத்தில் மாநாடு கூட்டி, 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் அமைய முன்னின்ற ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் பிறந்த ஊர் கானாடுகாத்தான். கேட்கிறவருக்குப் புரியாத மொழியில் மணிக்கணக்கில் பாடுவது முறையா என்பது அன்றைய கேள்விகளுள் ஒன்று. அதே ஊரில், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சில சொற்களைக் குழலுக்குள் முணுமுணுத்துவிட்டு, அதற்கு ஒரு தமிழ் வரிகூட எழுதித் தராமல் அனுப்புவதை எப்படி ஏற்பது?

ஆத்தங்குடிக் கல் · ஞாயிறு, இரவு 9.05

வீணை கற்றுக்கொடுக்கிறவள் நான். பியானோவுக்கு மூன்று கெஜ தூரத்தில், பட்டாலைத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். நண்பர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாவுக் குரல் வளவில் எழலாமா என்று கேட்கிறார் தேவகோட்டை நண்பர். திருமணம் நடந்த அதே வளவில்தான் இழவும் நடந்தது; அங்கே ஒப்பாரி வைத்த ஆச்சிமார்களின் குரலைச் சிறுவயதில் கேட்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பான்ஷீ ஊர் பேர் தெரியாதவருக்காக அலறுவதில்லை. குறிப்பிட்ட குடும்பத்தைச் சார்ந்து நின்று அந்தக் குடும்பத்தாருக்காகவே அழும் என்பது அயர்லாந்து வழக்கு. ஆண்டுதோறும் முன்னோரை நினைத்துப் படைப்பு வைக்கும் நமக்கு அது அவ்வளவு அந்நியமான எண்ணமா? அந்தத் தந்திகளில் நகம் ஊர்ந்தபோது எழுந்த ஓசை, அடிவயிற்றிலிருந்து கிளம்பி உச்சியில் உடைகிற அழுகையாகவே எனக்குக் கேட்டது. கவெலின் மற்றோர் உருப்படியான ‘ஈயோலியன் ஹார்ப்’ இன்னும் எளிது. இடக்கையால் கட்டைகளை ஓசை எழாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு வலக்கையால் உள்ளே தந்திகளை வருடினால், பிடித்த சுரங்கள் மட்டுமே நின்று ஒலிக்கும். மீட்டுக்கும் பிடிக்கும் உள்ள உறவை அறிந்த வீணைக்காரருக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

இனி எதிர்ப்பக்கம். இதற்குச் சோதனை இசை, தற்கால இசை என்றெல்லாம் பெயர் வைத்தது யார்? கவெலின் உருப்படிகள் 1923, 1925 ஆண்டுகளைச் சேர்ந்தவை. நிகழ்ச்சியில் மிகப் புதியது தக்கேமிட்சுவினுடையது; அதற்கே வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. 1971இல் எழுதியதைச் சோதனை என்று இன்னும் அழைத்தால், அந்தச் சோதனையின் விடைத்தாளை எவரும் திருத்தவே இல்லை என்றுதான் பொருள். இவை இன்று உலகமெங்கும் மாணவர்கள் பாடமாகப் பயிலும் உருப்படிகள். அப்படிச் சொல்லி அழைத்திருந்தால், வந்தவர்கள் அதிர்ச்சியை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

கழனிவாசல் தம்பிக்கு ஒன்று. நீங்கள் சொல்லும் மெல்லிய ஓசைகள் பின் வரிசையை எட்டவே இல்லை. வழவழவென்று பூசிய சுவரும் தரையில் பதித்த கல்லும் உரத்த ஓசையைத் திருப்பித் தருகின்றன. ஆனால் முற்றத்துக்கு மேலே வானம் திறந்து கிடக்கிறது, மெல்லிய ஓசை அந்த வழியாகப் போயே போய்விடுகிறது. தூண்களுக்குப் பின்னால், பத்தியில் இருந்தவர்களுக்குக் கேட்டதெல்லாம் குருவிச் சத்தமும் யாரோ ஒருவரின் கைப்பேசியும்தான்.

மட்டுறுத்துநர் · திங்கள், காலை 7.00

வீட்டு உரிமையாளர்களின் குடும்பத்தைப் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறோம். வாசித்ததைப் பற்றி மட்டும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாங்கட்டு · திங்கள், காலை 10.45

ஆச்சி சொன்னதில் ஒப்பாரி பற்றிய பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். என் தாயார் இறந்தபோது கேட்ட குரலை நான் மறந்துவிட்டு எழுதியது தவறு.

கபிலரைத் துணைக்கு அழைத்த தம்பிக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டை முழுதும் படியுங்கள். காற்று குழலாகவும், அருவி முழவாகவும், வண்டு யாழாகவும் ஒலிக்க, மயில் விறலியைப் போல ஆடுகிறது. குழலும் முழவும் யாழும் எப்படி ஒலிக்கும் என்பதை முன்பே அறிந்த ஒருவர்தாம் அந்த உவமைகளைச் சொல்லவும் கேட்கவும் முடியும். இசை முதலில் இருக்கிறது. காட்டின் ஓசை அதற்குப் பிறகு வருகிறது. தவிரவும், அந்த அவையில் ஒன்றும் விளங்காமல் மருண்டு பார்த்துக்கொண்டிருந்தவை மந்திகள். சனிக்கிழமை பத்தியில் உட்கார்ந்திருந்த எங்களை நினைத்துத்தான் அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தீர்களோ என்னவோ.

புதுமையை நான் வெறுப்பவன் அல்லன். புல்லாங்குழல் கலைஞர் டி. ஆர். மகாலிங்கம் வாசிப்பு முறையையே மாற்றி, வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலில் கொண்டுவந்தபோதும் அது புதுமைதான். ஆனால் அவர் மாற்றியது விரலையும் மூச்சையும்; தோடி தோடியாகவே இருந்தது. அடுத்த சங்கதி எங்கே போகும் என்று ஊகிக்கவும், அந்த ஊகத்தை அவர் ஏமாற்றும்போது தலையாட்டவும் எனக்கு ஒரு பொதுச்சொத்து இருந்தது. பெரியோவைக் கேட்கும்போது ஏமாறுவதற்குக்கூட என்னிடம் ஒன்றும் இல்லை.

கழனிவாசல் · திங்கள், இரவு 10.20

மந்தி உங்களைக் குறித்து வந்ததன்று, ஐயா, மன்னிக்க வேண்டும். உவமை பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. பத்தியில் ஓசை எட்டவில்லை என்று ஆச்சி சொன்னதும் உண்மைதான். ஒலிபெருக்கி வைத்தால் மூச்சின் நுட்பம் கெட்டுவிடும் என்று கலைஞர்களே வேண்டாம் என்றார்களாம். அப்படியானால் இருக்கைகளையாவது முற்றத்தைச் சுற்றி நெருக்கமாகப் போட்டிருக்க வேண்டும்.

ஊகிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதைத்தான் ஒப்ப மாட்டேன். ‘டென்சிட்டி’ மூன்று சுரங்களில் தொடங்குகிறது: ஒரு சுரம், அதிலிருந்து அரைச்சுரம் இறக்கம், பிறகு முழுச்சுரம் ஏற்றம். ஆதார சட்ஜத்தைத் தேடாமல் அந்த மூன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். வரேஸ் அதை நீட்டுகிறார், உடைக்கிறார், வேறோர் உயரத்துக்குத் தூக்கிச் செல்கிறார். ஒவ்வொரு முறையும் அது திரும்பி வருமா வராதா என்ற ஐயத்தில்தான் நான்கு நிமிடமும் நகர்கிறது. நீங்கள் கேட்ட பொதுச்சொத்து அதற்குள்ளேயே இருக்கிறது. முதல் சில நொடிகளில் கையில் கொடுத்துவிடுகிறார். கைத்தாளில் இந்த ஒரு செய்தியை எழுதியிருந்தால் போதும் என்று இப்போது தோன்றுகிறது.

பினாங்கு அண்ணனுக்கு: தக்கேமிட்சுவின் சொற்களுக்குத் தமிழ் தந்திருக்க வேண்டும் என்பதில் உங்கள் பக்கமே நிற்கிறேன். யார் அங்கே என்று கேட்டுவிட்டு, யாராக இருந்தாலும் பேசு என்று அழைக்கிற சிறு வரிதான் அது. ஆனால் தமிழ் இசை இயக்கம் தமிழுக்கு இடம் கேட்டது. மற்றதை மேடையை விட்டே இறக்கச் சொன்னதாக அதைப் படிக்க வேண்டியதில்லை.

பினாங்குக் கணக்கு · செவ்வாய், காலை 6.30

இறக்கச் சொல்லவில்லை, தம்பி. வரியை முன்பே அச்சிட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். கணக்கு நேராகிவிட்டது.

ஆத்தங்குடிக் கல் · செவ்வாய், காலை 9.15

கைத்தாளைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. மெசியானின் தலைப்பைக் ‘கரிச்சான்’ என்று தமிழாக்கியிருந்தார்கள். நம் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் கரிச்சான் வேறு, அவர் குறிப்பெடுத்த ஐரோப்பியப் பறவை வேறு. இரண்டும் கறுப்பு என்பதோடு உறவு முடிந்தது. கரிச்சானை எதிர்பார்த்துக் கேட்டவருக்குக் குழலின் அந்த நீண்ட தனிப்பகுதி பொய்யாகத் தோன்றியிருக்கும்.

இரண்டாங்கட்டு · வியாழன், இரவு 8.50

பேரனின் கைப்பேசியில் ‘டென்சிட்டி’யை மூன்று முறை கேட்டேன். முதல் முறை அந்த மூன்று சுரங்களைத் தொடக்கத்திலேயே தவறவிட்டேன். இரண்டாம் முறை பிடித்துக்கொண்டேன். சற்று நேரம் கழித்து அவை உருமாறி வந்தபோது அடையாளம் தெரிந்தது. மூன்றாம் முறை சாவித் தட்டல் வரும் இடத்தில் காதை ஒட்டி வைத்துக் கேட்டதில், தட்டுக்கு அடியில் ஊதுகிற சுரம் இருக்கத்தான் செய்கிறது. நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பெரியோவைப் பற்றிய கருத்தில் மாற்றம் இல்லை. அதை இரண்டு நிமிடத்துக்கு மேல் கேட்க இயலவில்லை.

தம்பி கழனிவாசலுக்கு ஒரு கேள்வி. அந்தத் தட்டலை மூங்கில் குழலில் எழுப்ப முடியுமா? துளையை விரல் நுனியால் அடித்துப் பார்த்தேன்; ஏதோ வருகிறது, ஆனால் சுரமாக நிற்கவில்லை.

கழனிவாசல் · வியாழன், இரவு 9.30

வரும், ஐயா, ஆனால் அவ்வளவு உரக்க வராது. அதில் மெத்தை மூடி இல்லை, துளையும் சிறியது. விரல் நுனியை விட்டுவிட்டு, இரண்டாம் கணுவின் சதைப்பகுதியால் அடித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டைக்கு வருகிறேன். என் குழலையும் எடுத்து வருகிறேன்.