புல்லட் கேம் மாற்றம்: களிமண் சோதனையின் முடிவு

போன மாதம் இங்கே நான் கேட்டது இதுதான்: பழைய 350 புல்லட்டுக்கு லிஃப்ட் கூடின, அதாவது வால்வை அதிகமாகத் திறக்கும் கேம் (வால்வுகளை இயக்கும் சுழல் பாகம்) வாங்கியிருக்கிறேன், பிஸ்டனில் வால்வு இடிக்குமா? விற்றவர் "அப்படியே மாட்டலாம் அண்ணாச்சி" என்றிருந்தார். நல்லவேளை, மாட்டி ஓட்டவில்லை.

நீங்கள் சொன்ன களிமண் சோதனையைச் செய்தேன். பானை செய்யும் காருகுறிச்சி மண் பக்கத்திலேயே கிடைத்தும், காய்ந்து வெடிக்கும் என்று பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைத்தான் வாங்கினேன். பிஸ்டன் தலையில் அப்பி, வால்வில் ஒட்டாமல் இருக்க எண்ணெய் தடவி, கேஸ்கெட்டோடு (இடையில் வைக்கும் தகடு) ஹெட்டை (சிலிண்டரின் மூடி) முறுக்கி, டேப்பெட் இடைவெளியைச் சரிசெய்து, பிளக்கைக் கழற்றிவிட்டு கிராங்கைக் கையால் 2 சுற்று. பிறகு மண்ணைக் குறுக்கே வெட்டி, வால்வு பதிந்த இடத்தில் மிஞ்சிய கனத்தை அளந்தேன்; அதுதான் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளி. எக்ஸாஸ்ட் 2.6 மி.மீ. இன்லெட் வெறும் 1.3!

பொதுவாக இன்லெட்டுக்கு 2, எக்ஸாஸ்ட்டுக்கு 2.5 மி.மீ. வேண்டும் என்பார்கள். கையால் சுற்றும்போது இடிக்கவில்லை என்பதை நம்பக் கூடாது. வேகம் ஏறினால் ஸ்பிரிங் தடுமாறி வால்வு மிதக்கும், அதாவது நேரத்துக்கு மூடாது. வால்வு முழுதாகத் திறக்கும்போதுதான் ஆபத்து என்று நினைத்திருந்தேன்; அது தவறு, அப்போது பிஸ்டன் வெகு கீழே இருக்கும். இன்லெட் வால்வு பிஸ்டனை நெருங்குவது, பிஸ்டன் உச்சியில் நிற்கும் புள்ளியை (டிடிசி) கிராங்க் தாண்டி 10, 15 டிகிரியில்.

தடித்த கேஸ்கெட் போட்டால் இடைவெளி கூடும், ஆனால் கம்ப்ரஷன் குறையும், அதனால் வேண்டாம் என்றுவிட்டேன். பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் பிஸ்டன் தலையின் கனத்தைப் பார்த்துவிட்டு அதிலுள்ள இன்லெட் வால்வுக்குழியை 1 மி.மீ. ஆழப்படுத்தினோம். திரும்பவும் களிமண் சோதனை: இன்லெட் 2.3. சரி, ஞாயிற்றுக்கிழமை இன்ஜினை மூடுகிறேன்.