நானோ தூள் கலந்தும் உடைந்த வட்டுகள்

முதுகலை ஆய்வுக்காக பல் சிகிச்சையில் பயன்படும் ஃபெல்ட்ஸ்பார் (ஒரு கனிமம்) பீங்கான் தூளில் நானோ சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடின் மிக நுண்ணிய தூள்) கலந்து சின்னச் சின்ன வட்டுகளாகச் சுட்டேன். வெறும் பீங்கானின் வளைவு வலிமை, அதாவது வளைத்தால் உடையாமல் தாங்கும் அளவு, சுமார் 60 முதல் 100 மெகாபாஸ்கல். பல்லின் மேல் மாட்டும் உறையான கிரவுனுக்கான சிர்கோனியாவுக்கோ 900ஐத் தாண்டும். கொஞ்சம் கலந்தாலே வலிமை ஏறிவிடும் என்று கணக்குப் போட்டேன். முதல் தொகுதி, எதுவும் கலக்காத வட்டுகளைவிடச் சீக்கிரம் உடைந்தது. எந்திரத்தில்தான் கோளாறு என்று ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன்.

உடைந்த முகத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்த பிறகுதான் புரிந்தது. துகள்கள் பரவாமல் கட்டி தட்டிக் கிடந்தன. அவ்வளவு நுண்ணிய தூளுக்கு மேற்பரப்பு மிக அதிகம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத்தான் பார்க்கும். கட்டிகளைச் சுற்றி நுண்துளைகள். பீங்கான் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. விரிசல் கிளம்ப வாசலை நானே திறந்து வைத்திருக்கிறேன்! அப்புறம் கலக்கும் தூளைக் குறைத்து, எத்தனாலில் போட்டு அல்ட்ராசோனிக் அதிர்வு கொடுத்துப் பிரித்தேன். அடுத்த தொகுதி பரவாயில்லை.

அதே லேபில் சீனியர் ஒருவர் வெள்ளி நானோ துகள் கலந்தார். விரிசலை நன்றாகவே எதிர்த்தது, ஆனால் பீங்கான் மஞ்சளித்துவிட்டது. கார்பன் நானோகுழாய் என்றால் ஒரேயடியாகக் கருப்பு. முன்பல்லில் வைக்க முடியுமா?

*

நான் கிரவுன் செய்யும் டெக்னீஷியன். மேலே எழுதியவர் சிர்கோனியாவின் வலிமையைச் சொன்னார். அது எப்படி வருகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 3 மோல் சதவீத இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு) சேர்த்து அதன் படிகங்களை டெட்ராகோனல் என்ற வடிவில் நிறுத்தி வைக்கிறார்கள். விரிசல் முனை நெருங்கினால் அங்குள்ள படிகங்கள் மோனோகிளினிக் என்ற வேறு வடிவுக்கு மாறி, பருமனில் சுமார் 4 சதவீதம் பெருத்து, விரிசலை நெருக்கி மூடப் பார்க்கும். 1975இல் கார்வியும் கூட்டாளிகளும் இதை விளக்கியபோது எஃகோடு ஒப்பிட்டார்கள். ஈரத்தில் நாளாவட்டத்தில் அதே மாற்றம் தானாகவே மேற்பரப்பில் நடந்து கெடுதலாகவும் முடியும். அதற்காகத்தான் சீரியா (சீரியம் ஆக்சைடு) சேர்த்த சிர்கோனியாவோடு அலுமினா நானோ துகள்களைப் பின்னிய கலவை வந்தது. ஈரம் அதை அவ்வளவாக அசைப்பதில்லை. நிறம்தான் பல்லோடு ஒத்துவராது, மேலே பீங்கான் பூசியே ஆக வேண்டும்.

ஒரு வேண்டுகோள், மருத்துவர்களுக்கு: பொருத்தும்போது உயரம் குறைக்கத் தேய்த்தால் தயவுசெய்து பாலிஷ் போட்டு விடுங்கள். பர் (தேய்க்கும் சுழல்முனை) போட்ட கோடுகளிலிருந்து விரிசல் கிளம்பி உடைந்தது எங்களிடம்தான் திரும்பி வருகிறது.

*

எனக்கு இதன் உள்விவகாரம் தெரியாது, கிரவுன் போட்டுக்கொண்டவன் மட்டும். கடைவாயில் சிர்கோனியா கிரவுன், மேலே பூச்சுப் பீங்கான். இரண்டாம் வருடம் ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்தது. உள்ளே இருக்கும் சிர்கோனியாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேல்பூச்சு மட்டும்தான் என்று மருத்துவர் முனையை மழுக்கி, பாலிஷ் போட்டு அனுப்பினார். வலி இல்லை. நாக்குதான் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, போய்ப் போய் அந்த ஓரத்தையே தடவுகிறது.