150 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 11.3 எம்பி மட்டுமே கிடைப்பது ஏன்?

தக்கலை ஸ்டுடியோ:
வணக்கம். தக்கலையில் திருமணப் படப்பிடிப்பு ஸ்டுடியோ நடத்துகிறேன். மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேர் வளைகுடா நாடுகளில் இருப்பதால், கல்யாணம் முடிந்த வாரத்திலேயே முழு வீடியோவையும் இணையத்தில் ஏற்றித் தருமாறு கேட்கிறார்கள். ஒரு திருமணத்தின் கோப்புகள் விண்டோஸ் காட்டும் கணக்கில் 40 ஜிபி வரை வருகின்றன. ஏற்றவும் இறக்கவும் 150 எம்பிபிஎஸ் தரும் ஃபைபர் திட்டத்துக்குத்தான் பணம் கட்டுகிறேன். 40 ஜிபியை 150 எம்பியால் வகுத்தால் ஐந்து நிமிடம்கூட ஆகக் கூடாது; ஆனால் ஒரு மணி நேரம் ஆகிறது. ஏற்றும் மென்பொருளில் வேகம் விநாடிக்கு 11.3 எம்பி என்று அசையாமல் நிற்கிறது. சேவை நிறுவனத்தாரைக் கேட்டால், "எட்டால் வகுத்துப் பாருங்கள், சரியாக இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். வகுத்தாலும் 11.3 வரவில்லை. யாராவது கணக்கை விளக்க முடியுமா?

வடசேரி கணினி:
எட்டால் வகுப்பது சரியான முதல் படிதான். கம்பியின் வேகத்தைப் பிட்டிலும் கோப்பின் அளவைப் பைட்டிலும் சொல்வது வழக்கம்; 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 150 எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு 150 மெகாபிட், என்பது 18.75 மெகாபைட் (எம்பி).

அடுத்த படியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கம்பியின் கணக்கில் மெகா என்றால் 10,00,000; விண்டோஸ் எம்பி என்று காட்டுவது 1024ஐ 1024ஆல் பெருக்கிய 10,48,576. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998இல் கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்ற தனிப் பெயர்களை ஏற்றது. விண்டோஸ் அவற்றை இன்றளவும் கண்டுகொள்ளவில்லை. உங்கள் மென்பொருளும் 1024 கணக்கில் காட்டுவதாகக் கொண்டால், 18.75 என்பது 17.88 ஆகிறது. உங்கள் 40 ஜிபியும் உண்மையில் ஏறத்தாழ 4,295 கோடி பைட்.

மூன்றாவதாக, தரவு சிறு பொட்டலங்களாகப் பிரிந்துதான் போகும்; ஒவ்வொரு பொட்டலத்தின் முகவரிச் சுமையையும் கழிக்க வேண்டும். கணினியை ரவுட்டருடன் இணைக்கும் ஈதர்நெட் கம்பியில் 1,538 பைட் இடம் பிடிக்கும் முழுப் பொட்டலத்தில் உங்கள் வீடியோவின் பங்கு 1,460 பைட், அதாவது 95 விழுக்காடு. எல்லாம் போக 17 எம்பி வர வேண்டும். அலகு மாற்றத்தால் 11.3ஐ விளக்க முடியாது. குறை வேறெங்கோ இருக்கிறது.

பழைய எக்ஸ்சேஞ்ச்:
நாகர்கோவிலில் தொலைபேசித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். கணினியின் நினைவகம் முகவரிகளால் ஆனது என்பதால் அதற்கு இரண்டின் அடுக்குகள் (1024 அவற்றில் ஒன்று) இயல்பாக அமைந்தன. தொலைத்தொடர்பில் எல்லாமே கடிகாரத் துடிப்பு; ஹெர்ட்ஸில் கிலோ என்றால் ஆயிரம், அதே ஆயிரம் பிட்டுக்கும் வந்தது. ஒரு குரலை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதினால் 64,000 பிட். இதுவே 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்) தடம். இப்படி 32 தடங்களைச் சேர்த்தது நாங்கள் '2 எம்பி' என்று அழைத்த இ1 இணைப்பு. அவற்றில் ஒன்று ஒத்திசைவுக்கும் ஒன்று சமிக்ஞைக்கும் போக, 30 பேர் பேசலாம்.

அதன் வேகம் 2,048 கேபிபிஎஸ். எண்ணைப் பார்த்ததும் புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் இரண்டு 1024 என்று நினைத்து, 2 மெகாபிட் என்றே கணக்குப் போடுவார்கள். உண்மையில் அது 20,48,000 பிட், அதாவது 2.048 மெகாபிட். பைட்டில் 2,56,000. 2048 என்ற எண் 32ஐ 64ஆல் பெருக்கியதால் வந்தது. கிலோ அங்கே சுத்தமான ஆயிரமே. கம்பியில் ஓடும் வேகம் எதையும் 1024ஆல் பெருக்காதீர்கள்.

குளச்சல் கேபிள்:
11.3 என்ற எண்ணைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 10,48,576ஆலும் எட்டாலும் பெருக்கினால் 94.8 மெகாபிட். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் போர்ட்டில், மேலே சொன்ன 95 விழுக்காட்டின்படி கிடைக்கும் உச்சம் அதுதான். வேகம் அசையாமல் நிற்பதும் அதனால்தான். உங்கள் ரவுட்டரோ கணினியோ இடையிலுள்ள கம்பியோ 100இல் இணைந்திருக்கிறது. 100க்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். 1000க்கு நான்கு ஜோடியும் வேண்டும். எங்கள் கடலோரத்தில் உப்புக் காற்றுப் பட்டு ஆர்ஜே45 முனையின் (ஈதர்நெட் கம்பியின் செருகி) ஊசிகள் பச்சை பிடித்து, 100க்குத் தேவைப்படாத ஜோடி ஒன்று செயலிழந்தாலும் இணைப்பு அறுவதில்லை, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விண்டோஸில் ஈதர்நெட் நிலையைத் திறந்து இணைப்பு வேகத்தைப் பாருங்கள்.

தக்கலை ஸ்டுடியோ:
இணைப்பு வேகம் 100 என்றுதான் காட்டியது. மாடிக்குச் செல்லும் கம்பியின் முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்தபின் 1000 என்று காட்டுகிறது. ஏற்றும் வேகம் 17ஐ ஒட்டி நிற்கிறது. 40 ஜிபிக்கு 40 நிமிடம். வாடிக்கையாளர் கேட்டால் ஒரு ஜிபிக்கு ஒரு நிமிடம் என்று இனிச் சொல்லிவிடலாம். துபாயில் அவர்கள் இறக்கிக்கொள்ளும் வேகம் அவர்கள் இணைப்பைப் பொறுத்தது. மூவருக்கும் நன்றி.